எலும்புக்குப் பரவிய பிறகும் வீட்டில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று நாளிதழ்கள் அவ்வப்போது எழுதுகின்றன. தேவையான எழுத்துதான். ஆனால் குமரி மாவட்டத்தின் கேரள எல்லையில், களியக்காவிளை, மார்த்தாண்டம், கொல்லங்கோடு பக்கம் நாங்கள் போகிற வீடுகளில் அந்தக் கட்டம் எப்போதோ கடந்துவிட்டது. இடுப்பு வலிக்கிறது என்று போனவருக்கு ஸ்கேனில் எலும்பெங்கும் புள்ளி புள்ளியாகத் தெரிந்த பிறகுதான் நோயின் பெயரே வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஒரு தடித்த ஃபைலையும் மாத்திரை உறையையும் கொடுத்து, "வீட்டில வச்சுப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். எப்படிப் பார்ப்பது என்று மகனையோ மகளையோ மருமகளையோ உட்காரவைத்துச் சொல்லித் தர ஆளில்லை.

எலும்புக்குப் பரவிய பிறகும் புராஸ்டேட் புற்றுநோயோடு பல ஆண்டுகள் நடமாடுகிறவர்கள் உண்டு. அந்த ஆண்டுகளை நோய் கெடுப்பதற்கு முன்பே வேறு சில காரியங்கள் கெடுத்துவிடுகின்றன: தவறிப்போன ஹார்மோன் ஊசித் தேதி, இறுகிப்போன மலம், அடைத்துக்கொண்ட மூத்திர டியூப், யாரும் பொருட்படுத்தாத கால் தளர்ச்சி. நான்குமே வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடிக்கக் கூடியவை. அவற்றை விரிவாக எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொண்டு வெட்டாமல் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

முதலில் முதுகுவலி. நம் மாவட்டத்தில் முதுகு பிடித்துக்கொண்டால் கால் தானாக ஆசான் (நாட்டு வைத்தியர்) வீட்டுப் பக்கம் நடக்கும். தடவல், கிழி, உழிச்சல் (எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவது) எல்லாம் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிற வைத்தியம். ரப்பர் பால்வெட்டிலும் வள்ளத்திலும் முதுகு ஒடிய உழைத்தவர்களுக்கு அது சுகம் கொடுத்திருக்கிறது. அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் எலும்பில் புற்று பரவிய ஒருவரின் முதுகெலும்பில் உழிச்சல் கூடாது. மிதித்து நீவுவது அறவே கூடாது. புற்று அரித்த முதுகெலும்பு உள்ளே பலவீனமாக இருக்கும். அழுத்தத்தில் அது நொறுங்கலாம், பின்னால் ஓடுகிற தண்டுவடம் நசுங்கலாம். ஆசானிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விஷயம் தெரிந்த ஆசான் அந்த உடம்பில் கை வைக்க மாட்டார்.

தண்டுவடம் நசுங்கத் தொடங்குவதன் அடையாளங்கள் மெதுவாகத்தான் வரும். புதிதாக ஒரு முதுகுவலி. படுத்தால் கூடும், இருமினாலும் முக்கினாலும் சுரீரென்று இழுக்கும். சிலருக்கு நெஞ்சையோ வயிற்றையோ சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போலிருக்கும். அதை வாயுக்கோளாறு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு படி ஏறும்போது முழங்கால் மடங்கும். செருப்பு கழன்றுபோனது தெரியாமல் நடப்பார். உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போகும். மூத்திரம் அடைக்கும், அல்லது மலம் தெரியாமலே போகும். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வாரம் ஒருநாள் அப்பாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். போன வாரம் முடிந்தது இந்த வாரம் முடியவில்லை என்றால் அடுத்த ஓபி தேதிவரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, ராத்திரியானாலும், எம்ஆர்ஐ வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "புராஸ்டேட் கேன்சர், எலும்பில் பரவியிருக்கிறது, கால் தளர்கிறது, தண்டுவடம் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும்." முதுகுவலி என்று மட்டும் சொன்னால் ஒரு எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்புண்டு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பது ஒன்றும் இல்லை என்று ஆகாது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களில் அழுத்தம் இருக்கலாம், அதனால் முழு முதுகெலும்பையும் எம்ஆர்ஐ எடுப்பார்கள். வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தைத் தொடங்கிவிட்டு, கரண்டு (கதிர்வீச்சு) வைப்பதா அறுவை சிகிச்சையா என்று முடிவு செய்வார்கள். சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் பிறகும் நடக்கிறார்கள். கால் முழுவதும் விழுந்து ஓரிரு நாள் ஆனபின் வருகிறவர்கள் மறுபடி எழுந்து நடப்பது அபூர்வம். மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய காரியம் இது.

கொண்டுபோகும் விதத்திலும் தவறு நடக்கிறது. பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்தோ, ஆட்டோவில் மடக்கி வைத்தோ கொண்டுபோகிறார்கள். கூடாது. தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, நான்கு பேர் கெட்டியான பலகையிலோ ஸ்ட்ரெச்சரிலோ வைத்துத் தூக்கி, ஆம்புலன்ஸில் மல்லாந்து படுத்த நிலையில் கொண்டுபோக வேண்டும். புரட்ட வேண்டியிருந்தால் மரத்தடியை உருட்டுவது போல மொத்த உடம்பையும் ஒரேயடியாகத் திருப்ப வேண்டும். இடுப்பு முறுகக் கூடாது.

அடுத்தது ஹார்மோன் ஊசி. இந்தப் புற்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. அதன் சுரப்பை நிறுத்துவதுதான் சிகிச்சையின் அடித்தளம். சிலருக்கு விதைகளை அகற்றும் சிறிய அறுவை சிகிச்சையிலேயே இது முடிந்துவிடும். ஊசிச் செலவும் அலைச்சலும் கிடையாது. பணம் இல்லாத குடும்பங்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேட்கலாம். ஊசி என்றால் லியூப்ரோலைடு, கோசெரலின் போன்றவை மாதத்துக்கு ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று போடப்படும். மாத ஊசி என்பது 28 நாள் கணக்கு, மூன்று மாத ஊசி என்பது பெரும்பாலும் 84 நாள் கணக்கு. "போன தடவை 5-ஆம் தேதி, இந்த மாதமும் 5-ஆம் தேதி" என்று மனக்கணக்கு போட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். தள்ளத் தள்ள ஹார்மோன் மறுபடி தலைதூக்கும். ஊசி போட்ட அன்றே அடுத்த தேதியை எண்ணி நாட்காட்டியில் வட்டமிடுங்கள். எல்லைக்காரர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. நமக்கு வேலைநாளாக இருக்கும் அன்று திருவனந்தபுரத்தில் ஓணம் விடுமுறை, ஹர்த்தால் என்று ஓபி மூடியிருக்கும். பொங்கலுக்கு நாகர்கோவிலில் மூடியிருக்கும். ஒரு வாரம் முன்பே இரண்டு பக்கத்து விடுமுறையையும் பார்த்து வையுங்கள்.

முதல் ஊசி போட்டபின் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் இறங்குவதற்கு முன் ஒரு தடவை ஏறும், வலியும் கூடும். அதைத் தடுக்கத்தான் பைகாலுட்டமைடு போன்ற மாத்திரையை முன்கூட்டியே கொடுப்பார்கள். "ஊசிதான் போட்டாச்சே, மாத்திரை எதற்கு" என்று நிறுத்திவிடாதீர்கள். முதுகெலும்பில் ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அந்த இரண்டு வாரம்தான் மேலே சொன்ன கால் தளர்ச்சி வரக்கூடிய காலம்.

ஊசியை வெளியே வாங்கி வீட்டுக்கு அருகில் போட்டுக்கொள்பவர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையைப் படிக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி என்று இருந்தால் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக்கை ஒரு துணியில் சுற்றி வைத்துக் கொண்டுவர வேண்டும். ஐஸ் நேரடியாகத் தொட்டு மருந்து உறைந்துபோனாலும் கெட்டதுதான். வீட்டு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு ஒட்டி வைப்பதும் அதே தவறு, நடுத்தட்டில் வையுங்கள்.

ஊசியோடு, ஆண் ஹார்மோனை இன்னும் அடக்கும் அபிராட்டெரோன் மாத்திரை எழுதியிருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வழக்கமான அளவு 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, ஒரே வேளை, வெறும் வயிற்றில். சாப்பிட்டு 2 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும், விழுங்கியபின் 1 மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. உணவோடு சேர்ந்தால், அதுவும் கொழுப்புள்ள உணவோடு, ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறிவிடும். நம் பெரியவர்கள் எழுந்ததும் பால்சாயா கேட்பார்கள். 6 மணிக்குத் தண்ணீரில் மாத்திரை, 7 மணிக்கு மேல் சாயா என்று கறாராக வையுங்கள். இதோடு தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டபிறகு. அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, சர்க்கரையும் ஏற்றும். ரத்த அழுத்தம் கூடுகிறதா, கால் வீங்குகிறதா, பொட்டாசியம் குறைகிறதா, கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் சொன்ன இடைவெளியில் பார்த்தாக வேண்டும். இதனால்தான், "லிவருக்கு நல்லது" என்று யாராவது கொண்டுவந்து தரும் பச்சிலைச் சூரணத்தையும் கஷாயத்தையும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம் என்கிறோம். கர்ப்பிணியான மருமகள் வீட்டில் இருந்தால் அந்த மாத்திரையை வெறுங்கையால் எடுத்துக் கொடுக்க வேண்டாம். கீமோ போகிறவருக்குக் காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி மணிக்கணக்கில் பரவும்.

இனி வலி. மார்ஃபின் என்றதும் வீடு முழுக்கப் பயம் வருகிறது. "அது கடைசிக் கட்டத்துக்கான மருந்து", "பழக்கமாகிவிடும்", "மூச்சு நின்றுவிடும்". மூன்றும் அப்பாவை வலியில் கிடத்துகிற பேச்சுகள். வலி இருக்கும் உடம்பில், மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும்போது போதைப் பழக்கம் வருவது மிக அரிது. மாதக்கணக்கில் மார்ஃபின் எடுத்துக்கொண்டே தேவாலயத்துக்கும் சந்தைக்கும் போய்வருகிறவர்கள் உண்டு. கரண்டு வைத்தபின் எலும்புவலி இறங்கி, மார்ஃபினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களும் உண்டு. ஒரே தடவை 8 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்கு அந்த இடத்து வலி தணிகிறது. ஆனால் முதல் சில நாள் வலி கூடலாம், முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மறுநாளே "ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று சோர்ந்துவிட வேண்டாம்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால்தான் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று மணி போட்டுத் தருகிறார்கள். தூக்கம் கலையாமல் இருக்க இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு எழுதியிருப்பார்கள். வலி வந்தபிறகு கொடுக்கலாம் என்று காத்திருப்பதே வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. வலி ஒருமுறை உச்சிக்கு ஏறிவிட்டால் அதைக் கீழே இறக்க அதிக மருந்து தேவைப்படும். நேரத்துக்கு நேரம் கொடுங்கள். இடையில் வலி குத்திக்கொண்டு வந்தால் மருத்துவர் எழுதியிருக்கும் கூடுதல் வேளையைக் கொடுத்து, நேரத்தை ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு தடவை கூடுதல் வேளை தேவைப்பட்டால் அடிப்படை அளவை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது; அந்த நோட்டைக் காட்டினால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார். 12 மணி நேரம் வேலை செய்யும் மாத்திரையாக இருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் முதல் வாரம் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் தானாக விலகும். ஆனால் தட்டி எழுப்பினாலும் எழாமை, கைகால் அடிக்கடி வெட்டி இழுப்பது, கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்குவது, மூச்சு நிமிடத்துக்கு எட்டு பத்துக்குக் கீழே போவது தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. இப்படி ஆவதற்கு அடிக்கடி காரணம் சிறுநீரகம் மந்தமாகி மருந்து உடம்பிலேயே தங்குவதுதான். புராஸ்டேட் நோயாளிக்குச் சிறுநீர்ப்பாதை அடைபட்டுச் சிறுநீரகம் கெடுவது சாதாரணம். அதே காரணத்தால் மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்றவை ஏற்கெனவே மந்தமான (ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியிருக்கும்) சிறுநீரகத்தை இன்னும் கீழே தள்ளும்.

மார்ஃபினோடு மலமிளக்கி கட்டாயம். குமட்டலும் தூக்கமும் விலகும், மலச்சிக்கல் மட்டும் விலகாது. மார்ஃபின் தொடங்கிய அன்றே பிசாகோடில் மாத்திரையும் இரவில் தொடங்க வேண்டும். தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு இசப்கோல் மட்டும் கொடுத்தால் குடலில் களியாகி அடைத்துக்கொள்ளும். மூன்று நாள் போகவில்லை என்றால் செவிலியரை அழைத்து ஆசனவாய் வழியாக மருந்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு ஏமாற்றும் அடையாளமும் உண்டு. நான்கைந்து நாளாக மலம் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகப் போகும். வீட்டார் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மாத்திரை கொடுப்பார்கள். உண்மையில் கல்லாக இறுகிய மலத்தின் ஓரமாகக் கசிகிற நீர் அது. மாத்திரை கொடுத்தால் அடைப்பு முற்றும்; அந்த இறுகிய மலமே சிறுநீர்ப்பையை அழுத்தி மூத்திரத்தையும் அடைக்கும்.

மூத்திர டியூபைப் பற்றிக் கேள்விகள் அதிகம். டியூப் சிலிக்கானா சாதாரண ரப்பரா என்று போட்ட அன்றே கேட்டு எழுதிவையுங்கள். ரப்பர் டியூபை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும், சிலிக்கான் என்றால் 12 வாரம்வரை தாங்கும். தினமும் குளிக்கும்போது சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டால் வேண்டாம், புண்ணாக்கும். முன்தோலைப் பின்னால் தள்ளிக் கழுவினால் மறக்காமல் முன்னால் இழுத்துவிட வேண்டும். மறந்தால் நுனி வீங்கி, தோல் திரும்ப வராமல் இறுகிக்கொள்ளும். டியூபைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டி, கொஞ்சம் தளர்வு விட்டு வையுங்கள், புரளும்போது இழுபடாது. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. ஆட்டோவில் ஏறும்போது பையை மடியில் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்க்கிறோம். பழைய மூத்திரம் உள்ளே திரும்பி ஓடும். முக்கால் நிறையும் முன்பே காலி செய்யுங்கள். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தடை இல்லாவிட்டால் நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர்.

பையில் மூத்திரம் இறங்கவில்லை என்றால் முதலில் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு மணி நேரமாக ஒரு சொட்டும் இல்லை, அடிவயிறு புடைத்து வலிக்கிறது, அல்லது டியூபைச் சுற்றி ஒழுகுகிறது என்றால் உடனே மாற்ற வேண்டும். நீங்களே இழுக்காதீர்கள்: உள்ளே சுமார் 10 மில்லி தண்ணீர் ஏற்றிய பலூன் இருக்கிறது, இழுத்தால் வழி கிழியும். மூத்திரம் லேசாகச் சிவந்தால் தண்ணீரைக் கூட்டிப் பார்க்கலாம். கட்டி கட்டியாக ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரியில் பெரிய, மூன்று வழி டியூப் போட்டுக் கழுவ வேண்டியிருக்கும். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

விழாமல் காப்பது அடுத்தது. ஹார்மோன் சிகிச்சை எலும்பையும் தசையையும் சேர்த்து உருக்குகிறது. நம் வீடுகளின் சிவப்புத் தரை ஈரமானால் வழுக்கும், பழைய வீடுகளில் கக்கூஸ் வெளியே முற்றம் தாண்டி இருக்கும். இரவுக்குக் கட்டிலருகே மூத்திரக் குப்பி, ஓட்டை வைத்த நாற்காலி, சுவரில் கைப்பிடி, ஒரு சிறிய விளக்கு. இவற்றின் செலவு ஒரு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சையின் முன் ஒன்றுமில்லை. தூக்கும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்க வேண்டாம், தோள் எலும்பிலும் புற்று இருக்கலாம். கால் ஊன்றும்போது மட்டும் இடுப்புக் கவட்டையில் வலித்தால் எலும்பு முறியப் போகிறது என்பதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். நடக்கவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள். எலும்புக்காகச் சொலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் ஊசிகள் போடுவதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டிப் பழுதான பல்லை எடுத்துவிட வேண்டும். ஊசி தொடங்கியபின் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகக் கூடும்.

படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், வளையத் தலையணையும் வேண்டாம். புண் நாறினால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவது கேரளத்துப் பாலியேட்டிவ் (வலி தணிப்பு) செவிலியர்கள் செய்கிற எளிய வழி. உங்கள் செவிலியரிடம் கேட்டுச் செய்யுங்கள். சாப்பாட்டில் பெரிய பத்தியம் எதுவும் தேவையில்லை. கஞ்சியும் பயறும் சம்மந்தித் துவையலும், முள் எடுத்த மீனும், ஒரு மட்டிப்பழமும் இறங்கினால் நல்லது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை போட்டார்கள். ஆனால் கேன்சர் என்றதும் விளவங்கோடு வட்டத்துக் குடும்பங்கள் இன்றும் திருவனந்தபுரத்து மண்டல கேன்சர் மையத்துக்குத்தான் வண்டி ஏறுகின்றன. இதனால் காகிதங்கள் இரண்டாகப் பிரிகின்றன. மருந்துச் சீட்டில் வேளை மலையாளத்தில் எழுதியிருக்கும். அப்பாவுக்கு அது வாசிக்கத் தெரியும், தமிழ்ப் பள்ளியில் படித்த பேரனுக்குத் தெரியாது. மருந்தகத்திலேயே நின்று ஒவ்வொரு அட்டையின் மேலும் தமிழில் நேரத்தை எழுதி வாங்குங்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும்: நோயின் பெயர், பயாப்சி தேதி, பரவிய இடங்கள், கடைசி ஊசியின் பெயரும் தேதியும், கடைசி மூன்று பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், கிரியாட்டினின், இப்போதைய மாத்திரைகள், ஒவ்வாமை. நடு ராத்திரியில் பார்க்கும் இளம் மருத்துவருக்கு அந்த ஒரு தாள் போதும். தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை) கேரளத்துக் காருண்யா அட்டையும் வேறு வேறு. எந்த அட்டை எங்கே செல்லும் என்று சேர்ப்பதற்கு முன் காப்பீட்டு மேசையில் கேளுங்கள், சேர்த்தபின் கேட்டால் பில் கைக்கு வந்திருக்கும். மார்ஃபினைக் கொண்டு எல்லை கடக்கும்போது சீட்டு அதனோடே இருக்கட்டும்.

கேரளத்தில் 2008-இலேயே பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று அரசுக் கொள்கை வந்தது. பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஊராட்சியே செவிலியரை வீட்டுக்கு அனுப்புகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறைப் பயிற்சியாளரும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியாததால்தான் பலருக்கு அது கிடைப்பதில்லை. அரசிடம் எங்கள் கோரிக்கை இரண்டுதான். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் உரிமத்தை எளிதாக்கிய பிறகும், பத்து மாத்திரைக்காக ஒரு மகன் ஒருநாள் கூலியை விட்டு அலையக் கூடாது. வட்ட அளவிலான ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் அது தட்டாமல் கிடைக்க வேண்டும். இரண்டாவது, டிஸ்சார்ஜ் செய்யும் நாளில் பராமரிப்பவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, டியூபையும் பையையும் மாத்திரை நேரத்தையும் அவர் கையால் செய்ய வைத்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

அப்பாவின் மனதைப் பற்றியும் கொஞ்சம். ஹார்மோன் அடங்கியபின் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், காரணமில்லாமல் கண்ணீர் வரும், மார்பு வீங்கும், தாம்பத்திய ஆசை அறும். வாழ்நாள் முழுக்கத் தலைநிமிர்ந்து நடந்தவருக்கு இது அவமானமாகத் தோன்றும், வெளியே சொல்ல மாட்டார். மருந்தின் விளைவு என்று அவரிடமும் அம்மாவிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மகள் கழுவிவிடுவதை அவர் கூசினால் இடுப்பின் மேல் ஒரு துண்டைப் போட்டு, முடிந்ததை அவர் கையாலேயே செய்யவிடுங்கள். நோயை அவரிடம் மறைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. பெரும்பாலோருக்குத் தெரிந்தேதான் இருக்கிறது, பேச ஆளில்லாமல் தவிக்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறார், நல்லது. வாரம் ஒரு இரவாவது வேறொரு உறவினர் கண்விழித்து, பார்த்துக்கொள்ளும் மருமகளைத் தூங்கவிட அவர் ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. மனம் உடைகிறவர்கள் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். மகன்களும் அப்பாவின் தம்பிகளும் 45 வயதிலேயே பிஎஸ்ஏ பற்றி மருத்துவரிடம் பேசத் தொடங்க வேண்டும்.

கடைசி நாட்களில் பசி அடங்கும். ஊட்டினால் புரையேறும், பால் ஊற்றுகிற சடங்கையும் உதட்டில் ஒரு சொட்டு தொட்டுவைப்பதோடு நிறுத்துங்கள். தொண்டையில் கரகரவென்று இழுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அந்தச் சத்தம் நம்மை வதைக்கும் அளவுக்கு அவரை வதைப்பதில்லை, அதை வற்றவைக்க ஊசியும் உண்டு. விழுங்க முடியவில்லை என்று மார்ஃபினைச் சட்டென நிறுத்த வேண்டாம், தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்கலாம். வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தால் அதை முன்கூட்டியே வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள், சான்றிதழுக்கு அப்புறம் ஓட வேண்டியிராது. இறப்பு நடந்த ஊரில்தான் பதிவு: திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் என்றால் அந்த மாநகராட்சியில், நம் வீட்டில் என்றால் நம் ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம், 21 நாளுக்குள். மீதியிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
விளவங்கோடு வட்டத்தில் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் செவிலியரும் தன்னார்வலரும்,
குழித்துறை.